கேரவன் வேனுக்குள் நீர் சொட்டுவது குறித்துப் புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், சத்துவாச்சாரி, வேலூர்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: கேரவனாக மாற்றித் தந்த வேனைச் சரிசெய்து தரக் கோருதல்

ஐயா,

வணக்கம். போன ஆகஸ்டில் எங்கள் வேனைக் கேரவனாக மாற்றித் தந்தீர்கள். வேலூர் வெயிலில் நின்றவரை ஒரு குறையும் தெரியவில்லை. பொங்கல் லீவுக்கு 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏலகிரிக்குப் போனோம். குளிருக்குக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு 4 பேர் படுத்தோம். விடியற்காலை 3 மணிக்கு அம்மா எழுப்பி, "இட்லிக் குண்டான் மூடி மாதிரி சொட்டுதுடா" என்றார். லைட்டைப் போட்டால் கூரையில் முத்து முத்தாக நீர். வெளியே மழையில்லை.

போனில் கேட்டதற்கு உங்கள் ஆள், "மூச்சுக் காத்து சார், எல்லா வண்டியிலும் வரும்" என்றார். பொய்யில்லை. 4 பேர் மூச்சில் ஈரம் இருக்கத்தான் செய்யும். போதாததற்கு உள்ளேயே டீ போட்டோம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோ அளவுக்குத் தண்ணீர் ஆவியாக வரும். அந்த ஈரம் குளிர்ந்த இரும்பில் பட்டால் சொட்டும். சரி, ஈரம் படுவதற்கு வெறும் இரும்பு எப்படிக் கிடைத்தது?

ஊர் திரும்பியதும் மேல் பேனலைக் கழற்றினேன். கூரையின் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே குளிரையும் வெயிலையும் தடுக்கும் ஃபோம் (இன்சுலேஷன்) ஒட்டியிருக்கிறது. சட்டத்தின்மேல் ஒன்றுமில்லை. வெறும் இரும்பு, விரலில் துரு ஒட்டுகிறது. பேனலை அதில் நேராக முடுக்கியிருக்கிறீர்கள். நீர்க் கோடுகள் ஒவ்வொன்றும் சட்டத்துக்கு நேர் கீழேதான். பில்லில் மட்டும் "முழு இன்சுலேஷன்".

மெத்தைக்கடியில் துளையே இல்லாத ப்ளைவுட். தூக்கிப் பார்த்தால் அம்மா படுத்த இடம் முழுக்கக் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை. 2 நாள் மொட்டைமாடியில் காயவைத்தும் வாடை போகவில்லை. அவருக்கு வீசிங் உண்டு. ஈரம் உறிஞ்சும் பாக்கெட்டை மாட்டச் சொன்னீர்கள், மாட்டினேன். அப்புறம் அதில் சேர்ந்த தண்ணீரைக் கொட்டுவதே ஒரு வேலையாகிவிட்டது.

உங்கள் செலவில் சட்டங்களின் மேலும் இன்சுலேஷன் ஒட்டி, கூரையில் 12 வோல்ட் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, கட்டிலுக்கு இடைவெளி விட்ட பலகை போட்டுத் தாருங்கள். மெத்தையும் மாற்ற வேண்டும். ராத்திரி ஜன்னலை ஓர் அங்குலம் திறந்து வைப்பது என் பொறுப்பு, அதை மறுக்கவில்லை.

15 நாளில் பதில் வராவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். எங்கள் வீட்டிலிருந்து அது அதிக தூரமில்லை.

பேனலை இன்னும் மாட்டவில்லை. ஸ்க்ரூக்களை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். ஆள் வரும்போது ஸ்க்ரூட்ரைவர் மட்டும் கொண்டு வந்தால் போதும்.

இப்படிக்கு,
வேன் உரிமையாளர்