பாட் ரோஸ்ட் பற்றி, செல்வத்துக்கு

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குப் புதுப் பள்ளிக்கூடம் ஒத்துப்போய்விட்டது என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறுகிறார். மினியாபொலிஸ் குளிருக்கு நீ ஸ்லோ குக்கர், அதாவது மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம், வாங்கியது நல்ல காரியம். பெரிய மாட்டுக்கறித் துண்டை முழுதாக மெல்ல வேகவைக்கும் பாட் ரோஸ்ட் அந்தக் குளிருக்கென்றே உள்ள சாப்பாடு.

எட்டு மணி நேரம் வெந்தும் கறி சக்கையாக இருந்தது, கிரேவி தண்ணீராக ஓடியது, உருளைக்கிழங்கு மசியல் பசையாக இழுத்தது என்று எழுதியிருக்கிறாய். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஆனால் மூன்றுமே குக்கரை ஆன் செய்வதற்கு முன்போ, குக்கருக்கு வெளியிலோ நடந்தவை.

முதலில் கறி. கொழுப்பில்லாமல் சுத்தமாக இருக்கிறதே என்று பாட்டம் ரவுண்ட் வாங்கியிருக்கிறாய். அது மாட்டின் பின்தொடை, கொழுப்பு குறைவு. நீ கேட்டு வாங்க வேண்டியது சக் ரோஸ்ட், அதாவது தோள்பட்டைக் கறி. ஓயாமல் உழைக்கிற தசை அது. ஊடே ஜவ்வு ஓடும், வெள்ளைக் கோடுகளாகக் கொழுப்பு படர்ந்திருக்கும். அந்த ஜவ்வில் உள்ள கொலாஜன் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறுகிறது. ஆட்டுக்கால் சூப் ஆறினால் கட்டிக்கொள்ளுமே, அதே பொருள்தான். நீண்ட நேரம் வேகும்போது எந்தக் கறியின் நாரும் தன் நீரை விட்டுவிடும். சக் ரோஸ்ட்டில் அந்த நார்களுக்கு நடுவே ஜெலட்டினும் கொழுப்பும் வந்து நிற்பதால் வாயில் வறட்சி தெரிவதில்லை. ரவுண்டில் அந்த ஈடு கிடையாது. இன்னும் இரண்டு மணி நேரம் வைத்திருந்தாலும் உனக்குச் சக்கைதான் கிடைத்திருக்கும்.

மூன்றரை பவுண்டு, கிட்டத்தட்ட 1.6 கிலோ, ஆறு பேருக்குப் போதும். அங்கே கறிக்குப் போடும் தர முத்திரையில் ‘சாய்ஸ்’ உள்ளதாகப் பார்; ‘செலக்ட்’ மலிவு, ஆனால் உட்கொழுப்பு குறைவு. வெளிப்புறத்தில் தடித்த கொழுப்பு இருந்தால் அரை சென்டிமீட்டர் விட்டுச் சீவிவிடு. மாமனார் வரும்போது மாட்டுக்கறி ஆகாது என்றால் எலும்போடு ஆட்டின் தோள்பட்டை வாங்கு. செய்முறை இதேதான், நேரம் மட்டும் சற்றுக் குறையும், ஏழு மணி நேரத்திலேயே குத்திப் பார்க்கத் தொடங்கு.

முந்தின இரவே இரண்டரை தேக்கரண்டி தூளுப்பும் ஒரு தேக்கரண்டி மிளகுத்தூளும் எல்லாப் பக்கமும் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வை. உப்பு உள்ளே இறங்கும், மேற்பரப்பு உலரும். உலர்வது முக்கியம், ஏனென்றால் காலையில் அதை வறுக்க வேண்டும். இந்த ஒரு வேலையைத்தான் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். குக்கருக்குள் வெப்பம் கொதிநிலையைத் தாண்டாது. எல்லாமே நீராவி சூழ வேகிறது. கறி சிவக்க அதைவிட நல்ல சூடு வேண்டும். வறுத்தால் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்று சொல்வார்கள், அது உண்மையல்ல. வறுப்பது ருசிக்காக. இரும்பு வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, லேசாகப் புகை கிளம்பியதும் கறியை வைத்து நான்கைந்து நிமிடம் தொடாதே. தானாகவே அடியை விட்டுக் கிளம்பி வரும், அப்போது திருப்பு. ஓரங்களையும் நிறுத்தி வைத்துச் சிவக்க விடு.

கறியை எடுத்துவிட்டு, அதே வாணலியில் பெரிய வெங்காயம் இரண்டைத் தடிமனாக நறுக்கிப் போடு. ஓரம் பொன்னிறமானதும் ஆறு பல் பூண்டு, ஒரு மேசைக்கரண்டி தக்காளி பேஸ்ட். பேஸ்ட் செங்கல் நிறத்துக்கு வரும்வரை கிளறு. இனி ஒரு கப், அதாவது 240 மில்லி, உப்பு குறைந்த பீஃப் ஸ்டாக்கை (மாட்டெலும்புச் சாறு) ஊற்றி, அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பையெல்லாம் மரக்கரண்டியால் சுரண்டிக் கரை. கிரேவியின் உயிர் அந்தப் பழுப்பில்தான் இருக்கிறது. ரெட் ஒயின் சேர்ப்பதென்றால் ஸ்டாக்கில் பாதியைக் குறைத்து, ஒயினை இங்கேயே கொதிக்க விட்டுப் பாதியாக வற்றவை. குக்கருக்குள் மூடி போட்டபின் ஆல்கஹால் சரியாகப் போகாது, காட்டம் நிற்கும்.

ஒரு கப்பா என்று நீ கேட்பாய். ஆம், ஒரே கப். கறி மூழ்க வேண்டும் என்று நான்கு கப் ஊற்றியதால்தான் உன் கிரேவி ஓடியது. ஸ்லோ குக்கரில் ஆவி மூடியில் பட்டு நீராகித் திரும்ப உள்ளேயே விழுகிறது, கறியும் காயும் தம் நீரை விடுகின்றன. முடிவில் பார்த்தால் ஊற்றியதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நிற்கும்.

அடுக்கும் முறைக்கும் காரணம் உண்டு. பெரும்பாலான ஸ்லோ குக்கரில் சூட்டுக்கம்பி பாத்திரத்தின் பக்கவாட்டைச் சுற்றி இருக்கிறது. சிகாகோவில் இருந்த இர்விங் நாக்ஸன் என்பவருக்கு 1940இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. பிறகு ரைவல் கம்பெனி அவருடைய நிறுவனத்தை வாங்கி, 1971இல் கிராக்-பாட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. நாக்ஸனுக்கு யோசனை வந்தது அவர் அம்மா சொன்ன கதையிலிருந்து: லித்துவேனியாவில் யூதக் குடும்பங்கள் வெள்ளி மாலை சோலண்ட் என்கிற பயறும் கறியும் சேர்ந்த பானையை ஊர் பேக்கரிக்காரரிடம் கொடுத்துவிடுவார்களாம், தணியும் அடுப்பின் சூட்டில் இரவெல்லாம் அது வேகும். எனக்கு இந்தக் குக்கரில் மிகவும் பிடித்த விஷயமே அந்த வம்சாவளிதான். இன்றைக்கும் அதே கணக்கு: பக்கச் சூடு உணவைத் தொட, பாத்திரம் பாதியிலிருந்து முக்கால்வரை நிரம்பியிருக்க வேண்டும். உன் ஆறு குவார்ட் (ஏறக்குறைய 5.7 லிட்டர்) குக்கருக்கு இந்த அளவு சரியாக வரும்.

கேரட் ஐந்தைத் தோல் சீவி ஐந்து சென்டிமீட்டர் துண்டாக, செலரி இரண்டு தண்டு, இவற்றை அடியில் போடு. இறைச்சியைவிடக் காய் தாமதமாகத்தான் மென்மையாகும். மேலே போட்டால் நறுக் நறுக்கென்று நிற்கும். அதன்மேல் கறி. வாணலியில் உள்ளதை ஊற்றி, ஒரு மேசைக்கரண்டி வூஸ்டர்ஷயர் சாஸ், காய்ந்த தைம் ஒரு தேக்கரண்டி, பே இலை இரண்டு. நம் பிரிஞ்சி இலை இதற்கு ஆகாது. அது பட்டை மரத்தின் இனம், வாசனையே வேறு.

‘லோ’வில் எட்டிலிருந்து ஒன்பது மணி நேரம். ‘ஹை’யில் வைத்தால் ஐந்தாறு மணி நேரத்தில் முடியும். இரண்டும் கடைசியில் எட்டுவது ஏறக்குறைய ஒரே சூடுதான், ‘லோ’ அங்கே போய்ச் சேர அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த நிதானம் கறிக்கு நல்லது. மூடியைத் திறக்காதே, ஒவ்வொரு முறையும் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் பின்தங்கும். உறைந்த கறியை அப்படியே போடாதே. 4 டிகிரியிலிருந்து 60 டிகிரிவரை கிருமி பெருகும் எல்லை, உறைந்த துண்டு அதைக் கடக்க மிக அதிக நேரமாகும். பீங்கான் பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் எடுப்பதும் வேண்டாம். சில்லென்ற பாத்திரம் சட்டென்று சூடேறினால் விரிசல் விடலாம்.

முள்கரண்டியைக் குத்தித் திருகு. தடையில்லாமல் திரும்பினால் ஆயிற்று; வெப்பமானி வைத்திருந்தால் 93இலிருந்து 96 டிகிரி காட்டும். ரப்பர் மாதிரி எதிர்த்தால் இன்னும் வேகவில்லை என்றுதான் அர்த்தம். வெந்து கெட்டுவிட்டது என்று பயந்து அணைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். இன்னும் ஒரு மணி நேரம் கொடு.

வெந்த கறியை எடுத்து மூடி வைத்துவிட்டு, சாற்றை வடிகட்டி, மிதக்கும் கொழுப்பை நீக்கு. இரண்டு கப் சாறு கொதிக்கும்போது, இரண்டு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரை மூன்று மேசைக்கரண்டி பச்சைத்தண்ணீரில் கரைத்து ஊற்றினால் இரண்டே நிமிடத்தில் கரண்டியில் படியும். காலையிலேயே மாவைக் கலந்துவிட்டால் மணிக்கணக்கில் வெந்து அதன் பிடிப்பு போய்விடும். கடைசியில் உப்பு பார்த்து, ஒரு தேக்கரண்டி வினிகர் விடு. கொழுப்பின் மந்தத்தை அது வெட்டும்.

இனி மசியல். மிக்ஸியில் அடித்தேன் என்று எழுதியிருக்கிறாய், பசை வந்தது அதனால்தான். வெந்த கிழங்கின் உயிரணுக்கள் உடைந்தால் உள்ளே ஊதியிருக்கும் மாவுச்சத்து வெளியே கொட்டுகிறது. எவ்வளவு அடிக்கிறாயோ அவ்வளவு கோந்து. பிறகு அதைத் திருப்ப வழியில்லை. மிஞ்சியிருந்தால் மேலே சீஸ் தூவி ஓவனில் சிவக்க வைத்துச் சாப்பிடலாம்.

யூகான் கோல்ட் ஒரு கிலோ வாங்கு. கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1980இல் வெளிவந்த ரகம் அது. மஞ்சளாக, வெண்ணெய் வாசனையோடு, மாவும் ஈரமும் நடுத்தரமாக இருக்கும். ரஸெட் இன்னும் பொலபொலவென்று வரும், அதுவும் நல்லதே. சிவப்புத்தோல் கிழங்கு மட்டும் வேண்டாம். நான்கு சென்டிமீட்டர் துண்டாக வெட்டி அலசி, பச்சைத்தண்ணீரில் உப்போடு போட்டு அடுப்பில் ஏற்று. கொதிக்கிற நீரில் போட்டால் ஓரம் கரைந்து நடு வேகாமல் நிற்கும். கட்டி கட்டியாக வருவது அதனால். கொதித்தபின் பதினைந்து, இருபது நிமிடம் மெல்ல வேகட்டும். வடித்து, காலிப் பாத்திரத்திலேயே திரும்பப் போட்டு, சிறு தீயில் ஒரு நிமிடம் குலுக்கு. துண்டுகளின் மேல் வெள்ளையாக மாவு பூத்தது போலத் தெரியும். தண்ணீர் போய்விட்டது, வெண்ணெய்க்கு இடம் கிடைத்துவிட்டது.

சூடாக இருக்கும்போதே மசி. கிழங்கைப் பிழியும் ரைசர் வாங்க வேண்டாம், உன் வீட்டு முறுக்கு நாழி போதும். கண் பெரிதான காராசேவு அச்சைப் போட்டுப் பிழி. கட்டியே இருக்காது, அணுக்களும் அதிகம் நசுங்காது. முதலில் வெண்ணெய் 113 கிராம், அங்கே கிடைக்கும் ஒரு ஸ்டிக். அது மாவுச்சத்தின்மேல் படிந்தபிறகு, முழுக்கொழுப்புப் பாலும் க்ரீமும் சரிபாதியாக 180 மில்லி, சூடாக, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மரக்கரண்டியால் மடித்துக் கிளறு. சேர்ந்ததும் நிறுத்திவிடு. இரண்டு மேசைக்கரண்டி சவர் க்ரீம் விட்டால் லேசான புளிப்பு வரும், எனக்கு அது இல்லாமல் ஆகாது.

ஆறு மணிக்குச் சாப்பாடு என்றால் காலை எட்டரைக்குக் குக்கர் ஆன், ஐந்துக்குக் கிழங்கு அடுப்பில், ஐந்தரைக்குக் கறியை வெளியே எடுத்துக் கிரேவி. மசியல் முந்திவிட்டால் வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் மூடி வை, பரிமாறும்போது ஒரு கரண்டி சூடான பால் விட்டால் இளகும்.

ராஜ்மாவையும் இதில் போடலாமா என்று வசந்தி கேட்டதாக எழுதியிருந்தாய். பச்சையாகப் போட வேண்டாம் என்று சொல். சிவப்பு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் அழியாமல் நின்று, கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவைக்கும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அடுப்பில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அதன்பிறகு குக்கரில் சேர்க்கட்டும். டின் ராஜ்மாவுக்கு இந்தக் கவலை இல்லை.

சனிக்கிழமை செய்துவிட்டு எப்படி வந்தது என்று எழுது.

அன்புடன்,
முரளி