ஈரம் பார்ப்பது பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? உன் பிரிவில் சிலரை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்றாய். "இதுல ஈரம் பார்த்தா ஆகாதுப்பா" என்றும் சொன்னாய். அது மனதிலேயே நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஈரம் பார்ப்பதுதானே அம்மாடி நம் பிழைப்பு. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கையில், நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளிக்கிறோம். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். சேறாக இருந்தால் விதை அழுகிப்போகும், காய்ந்துவிட்டால் முளைக்காது. அப்புறம் தண்ணீர் கட்டுவதே கிடையாது. நெல் குடித்து மிச்சம் வைத்த ஈரத்திலும் ராத்திரிப் பனியிலும் 65, 70 நாளில் காய் முற்றிவிடுகிறது.

கொள்முதல் நிலையத்திலோ அதே ஈரம் ஆகாது. 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். ரோட்டில் கொட்டிக் காயவைப்போம். 2023 பிப்ரவரியில் அறுப்பு நேரத்தில் மழை கெடுத்தபோது மத்திய அரசு 20 சதவீதம் வரை தளர்த்தியது. அந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். ஈரநெல்லை அடுக்கினால் சூடேறிப் பூசணம் பிடித்துவிடும். உன் கம்பெனிக்கும் ஏதோ கணக்கு இருக்கும், அதை உன்னால் மாற்ற முடியாது என்பது புரிகிறது.

ஆனால் அதை எப்படிச் சொல்வது என்பது உன் கையில்தான் இருக்கிறது. இனியவை கூறல் அதிகாரத்தின் முதல் குறளிலேயே வள்ளுவர் 'ஈரம் அளைஇ' என்கிறார், அன்பு கலந்து. கையோடு 'படிறு இலவாம்' என்கிறார், வஞ்சமில்லாமல். இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறார் பார். அதனால் "பார்க்கலாம், ஏதாவது வழி பிறக்கும்" என்று பொய் ஆறுதல் சொல்லாதே. மெயிலில் முடித்துவிடாமல் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, உட்காரவைத்து, உள்ளதைச் சொல். சம்பளம் எந்தத் தேதி வரை, பாக்கி எப்போது கைக்கு வரும் என்பதை அவர்கள் கேட்கும் முன்னே நீயே சொல்லிவிடு. வேறு இடத்தில் சொல்லிவைக்க முடிந்தால் அதையும் செய். வயிற்றில் ஈரத்துணி கட்டிக்கொண்டு கிடந்த குடும்பம் நம்முடையது, சம்பளம் நின்றால் வீடு என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எந்த நாள் என்று முடிவானதும் சொல். அன்று எவ்வளவு நேரமானாலும் பேசு, நானும் அம்மாவும் விழித்திருப்போம்.

அன்புடன்,
அப்பா