பில் போட்டு 120 நாள்: வடசென்னைப் பட்டறைகளில் ஆள் குறைவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னையில் வேலை போய்விட்டது என்று பேச்செடுத்தாலே எல்லோருக்கும் பெரிய ஆலைகள்தான் ஞாபகத்துக்கு வரும். 1996-ல் பெரம்பூர் பின்னி மில் மூடியது இன்றைக்கும் பேச்சில் அடிபடுகிறது. வியாசர்பாடி சிட்கோவிலோ, கத்திவாக்கத்திலோ, தண்டையார்பேட்டைச் சந்துகளிலோ ஆறு பேர் வேலை பார்த்த லேத் பட்டறை மூடினால், ஷட்டரில் 'வாடகைக்கு விடப்படும்' என்று ஓர் அட்டை தொங்கும், அத்தோடு சரி. கேட்பவர்களுக்கு "ஆர்டர் இல்லை" என்று பதில் வரும். கணக்கைப் புரட்டினால் பல பட்டறைகளில் ஆர்டர் வந்திருக்கும், சரக்கும் போயிருக்கும். பில் போட்டு நாலு மாதமாகியும் பணம்தான் வந்திருக்காது.

நாலு லேத், ஒரு மில்லிங், ஒரு டிரில்லிங், ஆறு ஆட்கள் உள்ள பட்டறையை எடுத்துக்கொள்வோம். மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளுக்கு ஷாஃப்ட், புஷ், ஃபிளான்ஜ், பம்ப் ஸ்லீவ் என்று மாதம் 5,00,000 ரூபாய்க்கு பில் போடுகிறது. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 5,90,000. செலவில் இரும்பு 2,20,000, கூலி 1,20,000, கரண்ட் 25,000, இன்செர்ட், கூலண்ட் வகையறா 30,000, வாடகை 30,000. போக மிச்சம் 75,000. பணம் 45 நாளில் வந்தால் வெளியே நிற்பது ஒன்றரை மாத பில், அதாவது 8,85,000. அதுவே 120 நாளானால் நாலு மாத பில், 23,60,000. இடையில் விழும் 14,75,000 ரூபாய்ப் பள்ளத்தை யார் அடைப்பது? மூணு வட்டிக்கு வாங்கி அடைத்தால் மாதம் 44,250 வட்டிக்கே போகிறது. கையில் நிற்பது 30,750. அதுதான் முதலாளியின் சம்பளம். அவரும் மிஷினில் நிற்பவர்தான்.

சாத்தங்காடு இரும்புச் சந்தையில் கைக்காசு, பழக்கம் இருந்தால் ஒரு வாரத் தவணை. கரண்ட் பில் தேதி தப்பினால் ஃபியூஸைப் பிடுங்குகிறார்கள். வாரக் கூலி சனிக்கிழமை சாயங்காலம் கொடுத்தாக வேண்டும். இப்படி எல்லாருக்கும் முன்னால் கொடுத்துவிட்டு, ஆயிரம் கோடி விற்றுமுதல் உள்ள நிறுவனத்துக்கு நாலு மாதம் வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருப்பது பத்துக்கு முப்பது அடிப் பட்டறை.

வங்கிக்குப் போகலாமே என்பார்கள். கேஷ் கிரெடிட் என்ற, வரம்புக்குள் எடுத்துக் கட்டும் கடன் கணக்கில் மாதாமாதம் ஸ்டாக், வரவேண்டிய பாக்கி இரண்டுக்கும் ஸ்டேட்மென்ட் கொடுக்க வேண்டும். வரவேண்டிய பாக்கியில் 90 நாள் தாண்டிய பில்லைப் பெரும்பாலான வங்கிகள் கழித்துவிட்டுத்தான் எடுக்கும் வரம்பைக் கணக்கிடும். 10 லட்சம் லிமிட் கையெழுத்தாகியிருந்தாலும் அந்த மாதம் எடுக்க முடிவது 4 லட்சமாகச் சுருங்கும். பணம் அதிகம் தேவைப்படும் மாதத்தில்தான் வரம்பு குறையும் என்பதே இந்த ஏற்பாட்டின் விசித்திரம். அடுத்து தண்டல். 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு நூறாக நூறு நாள் வாங்குகிறார்கள். குறைந்து வரும் பாக்கிமேல் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தை எட்டும்.

ஜி.எஸ்.டி. இதைவிட மோசமான சுழல். பில் போட்டாலே வரி பிறந்துவிடுகிறது. பணம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. இரும்புக்குக் கட்டியதைக் கழித்தாலும் மேலே சொன்ன பட்டறை மாதம் 40,000, 50,000 கையிலிருந்து கட்ட வேண்டும். கட்ட முடியாமல் ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்ற மாதாந்தர வரிக் கணக்கு நின்றால், விற்பனை பில்களைக் காட்டும் அடுத்த மாத ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கல் செய்ய முடியாது. அது போகாவிட்டால் வாங்கும் நிறுவனம் வரிக்கழிவுக்குப் பார்க்கும் 2பி பட்டியலில் பில் தெரியாது. "உங்கள் பில் 2பி-யில் வரவில்லை, பேமென்ட் ஹோல்ட்" என்று அக்கவுன்ட்ஸிலிருந்து மெயில் வரும். தொடர்ந்து இரண்டு ரிட்டர்ன் நின்றால் சரக்கை வண்டியில் அனுப்பத் தேவையான இ-வே பில்லும் போட முடியாது; முடிந்த சரக்கும் பட்டறையிலேயே கிடக்கும். வாங்கியவர் தாமதித்ததால் வந்த வினையைக் காட்டியே வாங்கியவர் மேலும் தாமதிக்கிறார்.

ஆள் குறைவது இந்த இடத்தில்தான். முதலில் ஓவர்டைம் நிற்கும். பிறகு ஹெல்பர் போவார். ஐ.டி.ஐ. முடித்து வந்த பையன், சனிக்கிழமை கூலி இரண்டு முறை திங்களுக்குத் தள்ளிப்போனதும் டெலிவரி வேலைக்கு வண்டி எடுத்துவிடுவான். கடைசியாகப் போவது லேத்தில் கடையும் டர்னர். நாலு ஜா சக்கில் கோணல் காஸ்டிங்கைப் பிடித்து, டயல் வைத்து சென்டர் பார்க்கும் கை அது. வருஷக்கணக்கில் பழகினால் மட்டுமே வரும். அவர் ஒரகடம் பக்கம் கான்ட்ராக்டில் போய்விட்டால், பிறகு பாக்கி மொத்தமும் வந்தாலும் அந்த வேலையை அந்தப் பட்டறை எடுக்க முடியாது. அவரோடு டூல் கிரைண்டிங் கடை, ஹார்டனிங் அடுப்பு, பிளேட்டிங் தொட்டி, மதியச் சாப்பாட்டு மெஸ் எல்லாவற்றுக்கும் வரவு குறையும்.

சட்டம் இல்லையா? நன்றாகவே இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-வது பிரிவு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. தவணை எதுவும் எழுதாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் 16-வது பிரிவுப்படி ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாந்தரக் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 5.5 சதவீதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 16.5. 2,36,000 ரூபாய் பில் ஒன்று கெடு தாண்டி ஆறு மாதம் நின்றால் வட்டி மட்டும் சுமார் 20,150 ரூபாய்.

இந்தப் பிரிவுகளைப் பெரிய நிறுவனங்களின் பர்சேஸ் பிரிவு நம்மைவிட நன்றாகப் படித்திருக்கிறது. பி.ஓ.-வில் (ஆர்டர் கடிதத்தில்) 'ஜி.ஆர்.என். தேதியிலிருந்து 45 நாள்' என்று போடுவார்கள். ஜி.ஆர்.என். என்பது சரக்கைப் பெற்றுக்கொண்டதாக வாங்கியவர் போடும் ரசீது. சரக்கு கேட்டுக்குள் போன பிறகு 20, 25 நாள் இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காத்திருக்கும், ஜி.ஆர்.என். அதற்கப்புறம்தான் பிறக்கும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சரக்கு ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். ஆகவே கேட்டில் டெலிவரி சலானில் தேதியோடு சீல் வாங்காமல் டிரைவர் திரும்பவே கூடாது. ரிஜெக்‌ஷன் என்று இரண்டு மாதம் கழித்து, பணத்தைக் கழித்துக்கொள்வதாக டெபிட் நோட் வந்தாலும், 15 நாளுக்குள் எழுத்தில் எதுவும் வரவில்லை என்பதே பட்டறையின் பதில்.

2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒன்றைச் சேர்த்தது. குறு, சிறு தொழிலுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்டலாம். பெரிய மாற்றம் என்று கொண்டாடினார்கள். ஆனால் அதன் பிடி மார்ச் 31-ல் பாக்கி நிற்கும் பில்மேல் மட்டும்தான். மே மாதத்து பில்லை பிப்ரவரியில் கொடுத்தாலும் அதே நிதியாண்டு. வரியில் எந்த நஷ்டமும் இல்லை. அதனால் மார்ச்சில் பணம் மழையாகக் கொட்டும், ஏப்ரலிலிருந்து பழையபடி வறட்சி. இதில் வணிகர்களுக்கும் நடுத்தர நிறுவனங்களுக்கும் இடமில்லை என்பதால், 'நாங்கள் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) அல்ல' என்று பட்டறையிடமே கடிதம் கேட்பவர்களும் உண்டு. அப்படிக் கையெழுத்துப் போடுவது சொந்தக் கழுத்தில் சுருக்கு மாட்டிக்கொள்வதுதான். (2025 ஏப்ரல் முதல் 100 கோடி ரூபாய் விற்றுமுதல் வரை 'சிறு' தொழிலாம். ஆறு பேர் பட்டறையும் அதுவும் ஒரே சட்டக் குடைக்குள் வருவதை யோசித்துத்தான் செய்தார்களா தெரியவில்லை.)

ட்ரெட்ஸ் என்ற மின்னணு மேடை நல்ல ஏற்பாடு. பில்லை ஏற்ற வேண்டும். வாங்கியவர் 'ஏற்கிறேன்' என்று ஒப்ப வேண்டும். வங்கிகள் ஏலம் கேட்டு ஓரிரு நாளில் பணம் தரும். வாங்கியவர் பிறகு கட்டத் தவறினாலும் பட்டறையைத் திருப்பிக் கேட்க முடியாது. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும், 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களும் இதில் 2025 மார்ச்சுக்குள் சேர்ந்தாக வேண்டும் என்று உத்தரவு. சேர்ந்தால் போதும், பில்லை ஒப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெயர்ப்பலகை மாட்டிய கடை திறந்தே ஆக வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். 15 நாளில் ஆட்சேபம் இல்லாவிட்டால் பில் தானாகவே ஒப்பப்பட்டதாகக் கருத வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் பாதி நோய் தீரும். சட்டத்தில் இருக்கும் அதே 15 நாள்தானே.

அரசு வேலைகளில் இன்னொரு கட்டை உண்டு. அனல்மின் நிலையமோ துறைமுகமோ குடிநீர்க் குழாயோ, வேலை முதல் ஒப்பந்ததாரரிடம் போய், அவரிடமிருந்து இரண்டாம் கை, மூன்றாம் கையாகப் பட்டறைக்கு இறங்குகிறது. ஒவ்வொரு கையிலும் 'பேக் டு பேக்' என்ற வரி இருக்கும்: மேலே வந்தால்தான் கீழே. முடிந்த வேலையைப் பதியும் எம்-புக்கில் அளவு ஏறுவது தாமதமானால், அதோடு தொடர்பே இல்லாமல் போன மாதம் கொடுத்த ஃபிளான்ஜுக்கும் பணம் நிற்கும். ஒப்பந்ததாரர் அடுத்த ரன்னிங் பில் (வேலை நடக்க நடக்கப் போடும் பில்) போடும்போது, முந்தைய பில்லுக்குச் சரக்குக் கொடுத்த சிறு பட்டறைகளுக்குப் பணம் போனதற்கான வங்கிச் சான்றையும் இணைக்க வேண்டும் என்று மாநில அரசு டெண்டர் நிபந்தனையில் சேர்க்கலாம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. அதேபோல் 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்துள்ள கம்பெனிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி விவகார அமைச்சகத்துக்குப் படிவம் கொடுக்கின்றன. அந்தக் கணக்கை மாவட்டவாரியாகத் தொகுத்து வெளியிட்டால், எந்த ஊர்ப் பட்டறையின் பணம் எங்கே தூங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

வழக்குக்குப் போக நினைக்கும் பட்டறைக்காரர்களுக்குச் சில விவரங்கள். குறு, சிறு, நடுத்தரத் தொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம். ஆனால் பதிவில் தொழில் 'உற்பத்தி' என்று இருக்கிறதா பாருங்கள். அவசரத்தில் 'வணிகம்' என்று தட்டிவிட்ட பதிவுகள் ஏராளம், அதை வைத்துக்கொண்டு தாமத வட்டி கேட்க முடியாது. பதிவு ஆர்டருக்கு முன்பே இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் சொன்னது. பி.ஓ.-வில் வேறு நடுவர் மன்றம் எழுதியிருந்தாலும் இந்தச் சட்டமே மேலோங்கும் என்பதும் அதே தீர்ப்பு. வாங்கியவர் மும்பையில் இருந்தாலும் தாமதப் பாக்கி மனுக்களுக்கென இந்தச் சட்டப்படி அமைந்த, பட்டறை இருக்கும் ஊரின் வசதியாக்க மன்றமே விசாரிக்கும். மனு போடும் அரசு இணையதளத்தில் பி.ஓ., பில், சீல் போட்ட சலான், பாக்கிப் பட்டியல் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். சலான் இல்லாத மனுதான் முதலில் சறுக்கும். தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போனால் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

இவ்வளவும் கையில் இருந்தும் மனு போடுபவர் குறைவு. போட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம். அது வீண் பயமும் இல்லை. ஆகவே புகாரைப் பட்டறை தலையில் கட்டாமல், 46-வது நாளில் மாவட்டத் தொழில் மையமே நோட்டீஸ் அனுப்பும் ஏற்பாடு வேண்டும். 90 நாளில் முடிக்க வேண்டிய மனுக்கள் அந்தக் கெடுவுக்குள் முடிய, மன்றத்தின் அமர்வுகளையும் கூட்ட வேண்டும்.

மனு போட்டவர்களுக்குக் கடைசியாக ஒன்று. நோட்டீஸ் போனதும் பல நிறுவனங்கள் அசலை மட்டும் அனுப்பி, 'முழுப் பாக்கியும் பைசல், வட்டி கோர மாட்டோம்' என்ற கடிதத்தில் கையெழுத்துக் கேட்கும். அசலை வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தில் 'அசல் மட்டும் பெறப்பட்டது, 16-வது பிரிவு வட்டி பாக்கி' என்று எழுதி, தேதி போட்டு, மெயிலிலும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
சிறுபட்டறைகளுக்குக் கணக்கு எழுதுவோர் சிலர்,
வியாசர்பாடி, சென்னை – 39