ஓட்டுரிமை நம்ம பொண்ணுங்களுக்கு சும்மா கிடைச்சதில்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல பெண்கள் ஓட்டுரிமை பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். நியூசிலாந்துல 1893-லயே குடுத்துட்டாங்க, இங்கிலாந்துல பொண்ணுங்க ஜெயிலுக்குப் போயி உண்ணாவிரதம் இருந்து 1918-ல பாதியும் 1928-ல மீதியும் வாங்குனாங்க, சுவிட்சர்லாந்துல 1971 வரைக்கும் இழுத்தடிச்சாங்க, அதெல்லாம் நல்லா எழுதியிருந்தீங்க. ஆனா கடைசில, இந்தியாவுல மட்டும் பொண்ணுங்க கேக்காமலே சுதந்திரத்தோட சேந்து ஓட்டும் கிடைச்சிருச்சுன்னு ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, அத படிச்சதுல இருந்து மனசே ஆறல. இத நீங்க மட்டும் சொல்லல, மேடையில, டிவி விவாதத்துல, பெரிய பெரிய ஆளுங்களே சொல்றாங்க. வருஷக்கணக்கா பிள்ளைங்களுக்கு சமூக அறிவியல் எடுத்தவ நான், அதனால சொல்றேன், இது தப்பு.

கேட்டாங்க சார், நம்ம சென்னையில இருந்துதான் கேட்டாங்க. 1917-ல அடையாறுல இந்திய மாதர் சங்கம் ஆரம்பிச்சாங்க, அன்னி பெசன்ட், டோரதி ஜினராஜதாசா, மார்கரெட் கசின்ஸ் எல்லாம் சேந்து. இதுல கசின்ஸ் அம்மா அயர்லாந்துக்காரங்க, ஓட்டுரிமைக்காக ஏற்கெனவே ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவங்க. அந்த வருஷம், பிரிட்டிஷ் அரசுல இந்தியா விவகாரத்த பாத்துக்கிட்ட மந்திரி மாண்டேகு லண்டன்ல இருந்து வர்றார்னதும் பெண்கல்வி பத்தி பேசணும்னுதான் முதல்ல நேரம் கேட்டிருக்காங்க, அரசியல் விஷயம்னா மட்டும்தான் சந்திக்க முடியும்னு பதில் வந்துச்சு, அப்படின்னா ஓட்டையே கேட்டுருவோம்னு முடிவு பண்ணி, டிசம்பர் மாசம் சரோஜினி நாயுடு தலைமையில சென்னையிலயே அவரை நேர்ல பாத்து மனு குடுத்தாங்க. இங்கிலாந்துல அப்போ ஒரு பொம்பளைக்கும் பார்லிமென்ட் எலெக்ஷன்ல ஓட்டு கிடையாது, அத யோசிச்சுப் பாருங்க.

கேட்டதும் கிடைச்சிருச்சா? இல்ல. யார் யாருக்கு ஓட்டு தரலாம்னு பாக்க பிரிட்டிஷ்காரங்க போட்ட சவுத்பரோ கமிட்டின்னு ஒண்ணு வந்து, இந்த ஊர் பொண்ணுங்களுக்கு இன்னும் காலம் வரலன்னு எழுதி வெச்சுட்டுப் போயிருச்சு. அதுக்கப்புறம் பம்பாயில இருந்து ஹீராபாய் டாட்டாவும் அவங்க பொண்ணு மித்தனும் லண்டனுக்கே கப்பல் ஏறிப்போயி வாதாடுனாங்க. அங்க என்ன பண்ணாங்கன்னா முடிவ மாகாண சட்டசபைங்க தலையில கட்டிட்டாங்க, நீங்களே பாத்துக்கோங்கன்னு. சரின்னு 1921 ஏப்ரல்ல, நீதிக்கட்சி ஆட்சியில, சென்னை சட்டசபை பொண்ணுங்களுக்கும் ஓட்டு உண்டுன்னு தீர்மானம் போட்டுச்சு, பிரிட்டிஷ் இந்திய மாகாணங்கள்ல முதல்ல போட்டது நம்மதான். இத எத்தனை பிள்ளைங்களுக்கு தெரியும்? ஆனா சொத்து இருக்கணும், வரி கட்டணும், அதனால ஓட்டு வந்தது கொஞ்சம் பேருக்குத்தான், களத்து மேட்டுல வேலை செஞ்சவங்களுக்கு ஒண்ணுமில்ல, அதையும் சேத்தே சொல்லணும்.

முத்துலட்சுமி ரெட்டி அம்மாவ பத்தி எல்லாரும் டாக்டர், அவ்வை இல்லம், அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரின்னு சொல்வாங்க, அதெல்லாம் பெரிய விஷயம்தான். ஆனா அவங்க சட்டசபையில உக்காந்தவங்க, சபையோட துணைத்தலைவரா இருந்தவங்க, 1933-ல ராஜ்குமாரி அம்ரித் கௌர், பேகம் ஹமீத் அலி கூட லண்டனுக்குப் போயி பார்லிமென்ட் கமிட்டி முன்னாடி நின்னு பெண்கள் சங்கங்களோட கோரிக்கைய எடுத்து வெச்சவங்க. அப்போ பிரிட்டிஷ்காரங்க ஒரு யோசனை வெச்சிருந்தாங்க, புருஷனுக்கு சொத்து இருந்தா பொண்டாட்டிக்கும் ஓட்டு தரலாம்னு. பெரிய பெண்கள் சங்கங்க எல்லாம் சேந்து, அது வேணாம், கல்யாணத்த வெச்சு வர்ற ஓட்டு எங்களுக்கு எதுக்கு, வயசு வந்த எல்லாருக்கும் குடுங்கன்னு கேட்டாங்க. எனக்கு இந்த வரலாறுலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், கையில கிடைக்கிறத வாங்கிக்கலாமேன்னு நினைக்காம, மொத்த சனத்துக்கும் சேத்து கேட்டிருக்காங்க. கேட்டும் 1935 சட்டத்துல அந்த யோசனைதான் வந்துச்சு, அது வேற. அப்புறம் அரசியல் நிர்ணய சபையில 15 பெண்கள், நம்ம சென்னை மாகாணத்துல இருந்து அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன், அதுல தாட்சாயணி அம்மா ஒருத்தங்கதான் தலித் பெண், இவங்களெல்லாம் உக்காந்து பேசுன சபையிலதான் அரசியல் சட்டத்தோட 326-ஆவது பிரிவு வந்து எல்லாருக்கும் ஓட்டுன்னு ஆச்சு. 1917-ல மனு குடுத்து 1950 வரைக்கும், எத்தனை வருஷம்னு எண்ணிப் பாருங்க, இதுக்குப் பேரு கேக்காம கிடைச்சதா?

சட்டம் வந்தும் முடியல. முதல் தேர்தலுக்கு லிஸ்ட் எடுக்க வீடு வீடா போனப்போ வடக்க பல ஊர்ல பொண்ணுங்க தன் பேரச் சொல்லல, இன்னாரோட சம்சாரம், இன்னாரோட அம்மான்னே எழுதச் சொல்லியிருக்காங்க, அந்நிய ஆம்பளகிட்ட பேர் சொல்றது வழக்கமில்ல. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், பேர் இல்லாம யாரையும் சேக்கக்கூடாதுன்னு கறாரா நின்னுட்டார், மறுபடியும் போய் கேளுங்கன்னு பீகாருக்கு ஒரு மாசம் கூடுதலா டைமும் குடுத்தார். அப்படியும் ஏறக்குறைய 8 கோடி பெண் வாக்காளர்கள்ல 28 லட்சம் பேரோட பேர் லிஸ்ட்ல இல்லாமப் போச்சு, பீகார், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், ராஜஸ்தான் பக்கம்தான் அதிகம். சென் செஞ்சது சரின்னுதான் நான் நினைக்கிறேன், இன்னாரோட பொண்டாட்டின்னே எழுதிட்டுப் போயிருந்தா அடுத்த எலெக்ஷன்லயும் அப்படியேதான் இருந்திருப்பாங்க. ஆனா முதல் தேர்தல்ல ஓட்டுப் போட முடியாமப் போன அந்த 28 லட்சம் பேர ஒரு வரியிலயாவது சொல்ல வேணாமா சார்?

வேலையில இருந்தப்போ வாக்காளர் லிஸ்ட் சரிபாக்குற வேலை எங்க தலையிலதான் விழும். ஒரு தடவை ஒரு வீட்டுல, மருமக வந்து ரெண்டு வருஷமாச்சு, ரேஷன் கார்டுல பேர் ஏத்தியாச்சு, கேஸ் புக் பண்றதுகூட அந்தப் பொண்ணு நம்பர்லதான், ஆனா லிஸ்ட்ல மட்டும் பேர் இல்ல. பொறந்த ஊர்ல கல்யாணம் ஆகிப் போயிட்டான்னு அடிச்சுட்டாங்க, இங்க யாரும் சேக்கல. மாமியார் திண்ணையில உக்காந்துக்கிட்டு, இப்ப என்ன அவசரம், அடுத்த தடவை பாத்துக்கலாம் டீச்சர்னு சொல்றாங்க, அந்தப் பொண்ணு கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு, நான் பார்ம நீட்டுனதும் விறுவிறுன்னு வந்து வாங்கி செவுத்துல வெச்சே கையெழுத்து போட்டுச்சு. இந்த மாதிரி நிறைய வீடு பாத்திருக்கேன். வீட்டுல மத்த எல்லா பேப்பரையும் மாத்துறாங்க, இத மட்டும் மறந்துடறாங்க.

கேக்காமலே கிடைச்சதுன்னு சொல்லிச் சொல்லியே இனிமேயும் தானா கிடைக்கும்னு நம்மள உக்கார வெச்சுட்டாங்கன்னுதான் எனக்குத் தோணுது. லோக்சபாவுலயும் சட்டசபைங்கள்லயும் பெண்களுக்கு 33 சதவீதம் சீட்டு ஒதுக்குற மசோதா முதல்ல வந்தது 1996-ல, 2010-ல ராஜ்யசபாவுல மட்டும் பாஸாச்சு, 2023-லதான் சட்டமாச்சு, அதுலயும் சென்சஸ் எடுத்து தொகுதி மறுவரையறை முடிஞ்ச பிறகுதான் அமலுக்கு வரும்னு எழுதி வெச்சாங்க. 2024-ல லோக்சபாவுக்கு ஜெயிச்ச பெண்கள் 543-ல 74 பேர். நம்ம தமிழ்நாட்டு சட்டசபையில 2021-ல ஜெயிச்சவங்க 234-ல 12 பேர்தான், முதன்முதலா ஓட்டுக் குடுத்த மாகாணம்னு பெருமை பேசுற ஊர்ல! லிஸ்ட்ல பாத்தா ஆம்பளைங்கள விட பொண்ணுங்கதான் அதிகம், கட்சிங்க எல்லாம் மகளிர் ஓட்டு மகளிர் ஓட்டுன்னு வந்து நிக்குது, சீட்டு குடுக்கிறப்போ மட்டும் ஆள் கிடைக்கலைங்குது. உள்ளாட்சியில 50 சதவீதம்னு 2016-லயே சட்டம் வந்து, எவ்வளவோ பொண்ணுங்க தலைவரா வந்து தண்ணி டேங்க், ரோடுன்னு அருமையா வேலை செய்யறாங்க, ஆனா இன்னும் சில ஊர்ல அந்த நாற்காலியில புருஷன்தான் உக்காந்திருக்கார், அந்தம்மா கையெழுத்து மட்டும் போடுறாங்க, அதையும் உங்க நிருபர்கள் போய்ப் பாத்து எழுதணும்.

நான் கேக்கிறது ரெண்டுதான் சார். அந்தக் கட்டுரையோட கடைசி வரிய திருத்தி, 1917 அடையாறு கதையையும் அந்த 28 லட்சம் பேர் கதையையும் அதே ஞாயிறு இணைப்புல முழுப் பக்கமா போடுங்க. ரெண்டாவது, கல்யாணமாகி வேற ஊருக்குப் போன பொண்ணுங்க படிவம் 8 குடுத்தா புது முகவரிக்கு பேர மாத்திக்கலாம், ஆன்லைன்லயும் செய்யலாம், இத உள்ளூர் பக்கத்துல பெரிய எழுத்துல அடிக்கடி போடுங்க, எலெக்ஷன் வர்ற வரைக்கும் காத்திருக்காம இப்பவே போடுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை,
துறையூர்