தம்பி, மீட்டர் வாங்குறதுக்கு முன்னாடி பின்னாடி இருக்கிற ஒயரைப் பாரு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பின புது மீட்டர் செட் போட்டோ பார்த்தேன். அழகா தான் இருக்கு, ஆனா உன் 1974 டாட்ஜ் டி100 பிக்கப்புக்கு இப்போதைக்கு அது வேண்டாம்னு தான் சொல்லுவேன். பெட்ரோல், டெம்பரேச்சர், ஆயில் பிரஷர் மூணு முள்ளும் சாவியைத் திருப்பினதும் ஒண்ணா மேல ஏறி முட்டிக்கிட்டு நிக்குதுன்னு எழுதியிருந்தல்ல, அதுலயே பாதி பதில் இருக்கு. மூணு மீட்டரும் ஒரே நாள்ல கெட்டுப் போகாதுப்பா, மூணுக்கும் பொதுவா இருக்கிற ஏதோ ஒண்ணு தான் கெட்டிருக்கும்.

மீட்டர் போர்டுக்கு பின்னாடி சொருகி வச்ச மாதிரி ஒரு சின்ன தகர டப்பி இருக்கும், அதான் வோல்டேஜ் லிமிட்டர். உள்ள ரெண்டு உலோகம் சேர்ந்த ஒரு பட்டை, அதைச் சுத்தி சூடாக்குற சுருள். சூடானா பட்டை வளைஞ்சு கரண்டை வெட்டும், ஆறினா மறுபடி ஒட்டும், இப்படி விட்டு விட்டு கொடுக்கிறதால மீட்டருக்கு சராசரியா 5 வோல்ட் தான் போய்ச் சேரும். அந்த மீட்டர்களும் சூட்டுல தான் மெதுவா நகருது, அதனால முள்ளு ஆடாது. இப்போ முக்கியமான விஷயம் என்னன்னா அந்தச் சுருள் சூடாகணும்னா டப்பிக்கு எர்த் வேணும், அதாவது கரண்ட் பாடி வழியா பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பிப் போற வழி. எர்த் இல்லைன்னா சுருள் சூடாகாது, பட்டை வளையாது, 12 வோல்ட்டும் அப்படியே மீட்டருக்குள்ள போகும், முள்ளு முட்டும், அப்படியே விட்டா மீட்டர் கருகிடும். உன் டேஷ்போர்டுல மீட்டர் செட்டுக்கு எர்த் வர்றதே அதைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ வழியா தான், அங்க துருவோ பெயிண்டோ ஏறியிருந்தா போதும், கதை முடிஞ்சுது. அதனால முதல்ல மீட்டர் செட்ல இருந்து பாடிக்கு தனியா ஒரு எர்த் ஒயர் இழு, பாடியில பெயிண்டை நல்லா சுரண்டிட்டு லக் போட்டு இறுக்கு. அப்புறமா அந்தப் பழைய டப்பியை எடுத்துட்டு எலக்ட்ரானிக் லிமிட்டர் போட்டுடு, அது நிலையா 5 வோல்ட் கொடுக்கும். அது வரைக்கும் மீட்டர் செட்டை வெளிய தொங்க விட்டுக்கிட்டு இக்னிஷன் ஆன் பண்ணவே பண்ணாதே, தயவு செஞ்சு.

எனக்கு நிஜமாவே பயமா இருக்கிறது அந்த நாலாவது முள்ளு, பேட்டரிக்கு கரண்ட் ஏறுதா இறங்குதான்னு காட்டுற ஆம்மீட்டர். ஆல்டர்னேட்டர்ல (எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்குறது) இருந்து பேட்டரிக்குப் போற சார்ஜ் கரண்ட் முழுக்க டேஷ்போர்டுக்குள்ள வந்து அந்த மீட்டர் வழியா சுத்திட்டு தான் திரும்பப் போகுது, போற வழியில ஃபயர்வால்ல (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகடு) இருக்கிற பெரிய ஒயர் கப்ளரையும் ரெண்டு தடவை தாண்டணும். கப்ளருக்குள்ள இருக்கிறது இத்தனை வருஷப் பழைய உலோகப் பின், கொஞ்சம் தளர்ந்தா சூடாகும், சூடானா இன்னும் தளரும், பிளாஸ்டிக் உருகும். இதுல நீ பெரிய ஆல்டர்னேட்டர் வேற போடணும்னு சொல்ற. கப்ளரைக் கழட்டி அந்த ரெண்டு தடி ஒயரோட பின்னைப் பாரு, பழுப்பா மாறியிருந்தா நான் சொல்றது உனக்கே புரியும். ஆல்டர்னேட்டர் அவுட்புட்ல இருந்து பேட்டரிக்கு நேரா ஒரு 10 கேஜ் ஒயர் போடு (பெரிய ஆல்டர்னேட்டர் தான் போடுவேன்னா இன்னும் தடியா), பேட்டரி பக்கத்துல ஃப்யூசிபிள் லிங்க் வை, அளவுக்கு மேல கரண்ட் போனா முதல்ல உருகி அறுந்துபோற ஒயர் துண்டு அது. ஒயரை விட நாலு நம்பர் மெலிசா இருக்கணும், அதாவது 10க்கு 14 (கேஜ் நம்பர் கூடினா ஒயர் மெலிசு). ஆம்மீட்டருக்கு வர்ற ரெண்டு ஒயரையும் ஒண்ணா போல்ட் போட்டு இறுக்கி நல்லா ஸ்லீவ் மாட்டிடு. அந்த இடத்துல வோல்ட் மீட்டர் வச்சுக்கோ. எஞ்சின் ஆஃப்ல இருக்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 14 பக்கத்துல காட்டுச்சுன்னா சார்ஜிங் நல்லா இருக்கு, ஆம்மீட்டரை விட இது தான் தெளிவா சொல்லும்.

இவ்வளவுக்கு அப்புறமும் புது மீட்டர் தான் வேணும்னா, டேங்க்ல பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்ற யூனிட்டோட ஓம்ஸ் (மின்தடை) பார்த்து வாங்கு. உன்னோடது காலி டேங்க்ல 73, ஃபுல் டேங்க்ல 10 ஓம்ஸ். கடையில பொதுவா கிடைக்கிற மீட்டர் நிறைய 240ல இருந்து 33 வரைக்கும் உள்ள யூனிட்டுக்குன்னு செஞ்சது, அதை இதோட சேர்த்தா டேங்க் வறண்டு கிடக்கும்போதும் முள்ளு பாதிக்கு மேலயே நிக்கும், நடுவழியில வண்டி நின்னதுக்கு அப்புறம் தான் உனக்கு விஷயமே தெரியும். என் மனசுல இருக்கிறதைச் சொல்லணும்னா, அந்தப் பழைய மீட்டர் முகத்தை மாத்தாதே, அந்த எழுத்தும் அந்த முள்ளும் தான் அந்த வண்டி.

ஹெட்லைட்டுக்கு ரிலே (சின்ன கரண்டால பெரிய கரண்டை ஆன் பண்ற சுவிட்ச்) போட்டுடு, இப்போ ஹெட்லைட் கரண்ட் முழுக்க சுவிட்ச் வழியா தான் போகுது. ரிலேல இருக்கிற பின் நம்பர்படி 30ல பேட்டரி ஃபியூஸ் வழியா, 87ல பல்பு, 86க்கு சுவிட்ச்ல இருந்து வர்ற ஒயர், 85 எர்த். அவ்வளவு தான் வேலை.

எதைத் தொடுறதுக்கு முன்னாடியும் பேட்டரி நெகட்டிவ் கேபிளைக் கழட்டு. இந்த வாரம் ஒரு சோதனை மட்டும் போதும், அதுக்கு மட்டும் கேபிள் மாட்டியே இருக்கட்டும், மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வச்சு ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ணை டேஷ்போர்டு இரும்புலயும் வச்சு, லைட், ஹீட்டர் ஃபேன் எல்லாம் போட்டுட்டு என்ன காட்டுதுன்னு பாரு. 0.2 வோல்ட்டுக்கு மேல போச்சுன்னா எஞ்சின்ல இருந்து பாடிக்கு வர்ற எர்த் பட்டையை போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துட்டு சொல்றேன்.

அன்புடன்,
அண்ணன்