எண்ணெய் நீ ஊற்றினாய், மகள்

திருகோணமலை
ஞாயிறு இரவு

அன்புள்ள மகளுக்கு,

போன கிழமை போனில் கதைக்கும்போது சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். "நாலடிப்பு எஞ்சின் ஒண்டு வாங்குங்கோ அப்பா, காசு நான் அனுப்புறன். அதில பெற்றோலுக்குள்ள எண்ணெய் கலக்கிற வேலை இல்லையாம். என்னை மாதிரி ஒருத்தி மறந்துபோய் எஞ்சினை இறுக வைக்க மாட்டாள்." நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இருபது வருஷத்துக்கு மேலாக இதை மனதில் வைத்துக்கொண்டா இருக்கிறாய்? போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அன்று கடலில் நம் மீன்பிடி போட்டின் எஞ்சின் இறுகி நின்றது உன்னால் இல்லை.

ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாய். சின்ன வயதிலேயே எதற்கும் அத்தாட்சி கேட்கிற பிள்ளை நீ. அத்தாட்சி எஞ்சினுக்குள்ளேயே இருந்தது. அது உனக்கு விளங்க வேண்டுமென்றால் எஞ்சின் எப்படி மூச்சு வாங்குகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேரனும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றாய், அவனுக்கும் வாசித்துக் காட்டு.

சிலிண்டர் என்கிற குழாய்க்குள் மேலும் கீழும் போய்வருகிற உருளைதான் பிஸ்டன். அது ஒரு தடவை மேலே போனால் ஒரு அடிப்பு, கீழே வந்தால் இன்னொரு அடிப்பு. நாலடிப்பில் பிஸ்டன் இறங்கும்போது காற்றும் பெற்றோலும் கலந்து உள்ளே வரும். ஏறும்போது அதை நெருக்கும். பிளக் பொறி விட்டதும் எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். திரும்ப ஏறும்போது புகையை வெளியே துரத்தும். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுற்றாக மாற்றுகிற தண்டு கிராங்க். அது இரண்டு சுற்றுச் சுற்ற, தள்ளு கிடைப்பது ஒரே தடவை. கலவை வரவும் புகை போகவும் வால்வுகள், அவற்றைத் தட்ட ஒரு கேம், அதைச் சுற்ற பெல்ட் அல்லது செயின். ஜெர்மனியில் நிக்கோலாஸ் ஓட்டோ 1876இல் ஓட்டிக் காட்டியது இந்த வகைதான். நம் சந்தியில் நிற்கிற ஓட்டோவுக்கும் அந்த மனிசனுக்கும் சம்பந்தமில்லை என்று பேரனிடம் சொல்லிவிடு.

நம்முடையது டூ ஸ்ட்ரோக், அதாவது இரண்டடிப்பு. அதில் அந்த வால்வும் கேமும் கிடையாது. சிலிண்டர் சுவரில் ஓட்டைகள் இருக்கும், மேலும் கீழும் போகிற பிஸ்டனே அவற்றுக்குக் கதவு. பிஸ்டனுக்கு மேலே ஒரு வேலை நடக்கிற அதே நேரத்தில் அடியிலும் ஒரு வேலை நடக்கும். அது ஏறும்போது மேலே பழைய கலவை நெருக்கப்படுகிறது. அடியில் கிராங்க் சுற்றுகிற அறைக்குள் புதுக் கலவை, காற்றையும் பெற்றோலையும் கலக்கிற கார்பரேட்டரிலிருந்து இழுபட்டு வருகிறது. பொறி விழுந்து பிஸ்டன் இறங்கும்போது, அடியில் இருக்கிற புதுக் கலவை சைக்கிள் பம்பில் காற்று அமுங்குவதுபோல அமுங்கும். பாதிக்கு மேல் இறங்கியதும் புகை போகிற ஓட்டை திறக்கும். இன்னும் கொஞ்சம் இறங்க, அமுங்கிக் கிடந்த கலவை பக்கத்து வழியால் மேலே பாய்ந்து, மிஞ்சின புகையைத் தள்ளிக்கொண்டு நிரம்பும். பிறகு திரும்ப ஏற்றம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தள்ளு. ஸ்கொட்லாந்துக்காரர் டுகால்ட் கிளார்க் 1881இல் காப்புரிமை எடுத்த எஞ்சினில் கலவையைத் தள்ள வேறொரு பம்ப் இருந்தது. பிஸ்டனின் அடிப்பக்கமே பம்ப் வேலையைச் செய்யும் என்று பத்து வருஷம் கழித்துச் செய்து காட்டியவர் இங்கிலாந்தில் ஜோசஃப் டே. நம் கடற்கரையில் மணலில் கிடக்கிற எஞ்சின்கள் முக்கால்வாசி அவர் வழியில் வந்தவைதான்.

ஒவ்வொரு சுற்றுக்கும் தள்ளு என்றால் இரண்டு மடங்கு வலு வரவேண்டுமே என்று கேட்பாய். வராது. காலையில் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருப்பாய், பின் கதவால் சனம் இறங்கி முடியுமுன் முன் கதவால் ஏறுவார்கள். ஏறிய வேகத்தில் இரண்டு பேர் தள்ளுப்பட்டுப் பின் கதவால் வெளியே போய் விழுவார்கள். டூ ஸ்ட்ரோக் சிலிண்டருக்குள் நடப்பது அதுதான். புது பெற்றோலில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு போய்விடும். கடலில் எஞ்சினுக்குப் பின்னால் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் மிதக்குமே, அழகாயிருக்கிறது என்று நீ கையால் தொடப் பார்ப்பாய். அது என் காசு மிதந்து போனது.

இனி எண்ணெய்க்கு வருவோம். நாலடிப்பில் கிராங்க் அறையின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும், கம்பியை விட்டு அளவு பார்க்கலாம். டூ ஸ்ட்ரோக்கில் அந்த அறைதான் கலவை போகிற வழி, அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க முடியாது. அதனால்தான் பெற்றோலோடு கலந்து அனுப்புகிறோம். போகிற வழியில் பேரிங், கிராங்க், பிஸ்டன் எல்லாவற்றையும் நனைத்துவிட்டுக் கடைசியில் தானும் எரிந்துவிடும். நீல நிறப் புகை அதனால்தான். 50 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு எண்ணெய். நம் டாங்கில் 25 லீற்றர், ஆகவே அரை லீற்றர். அந்த அரை லீற்றரை அளக்க நீ வைத்திருந்த சோடாப் போத்தல் ஞாபகம் இருக்கிறதா? அம்மாவின் கியூடெக்ஸால் சிவப்புக் கோடு போட்டிருந்தாய். கோட்டுக்கு மேலேயும் போகாது, கீழேயும் நிற்காது. பெரிய ஆட்கள் கூட அப்படி அளந்து நான் பார்த்ததில்லை.

2003, சமாதான காலம். ஆடி மாதம், கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. விடியப்பறம் திருக்கடலூரிலிருந்து இறங்கிப் போய்க்கொண்டிருந்தேன். எஞ்சின் சத்தம் மெல்ல மெல்ல இழுபட்டது, அடிக்குரலில் முனகியது, சடாரென்று நின்றது. கயிற்றை இழுத்தால் இழுபடவில்லை, கல்லுப்போல நின்றது. கச்சான் கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று, கோணேசர் கோயில் கண்ணுக்கு முன்னால் சின்னதாகிக்கொண்டே போனது. சல்லிப் பக்கத்து போட் ஒன்று கண்டு கட்டி இழுத்து வந்தது. அதற்கு மேல் அந்தக் கதை உனக்குத் தெரியும். கரையில் நீ நின்றாய். "எண்ணெய் ஊற்றினேனா இல்லையா தெரியேல்லை அப்பா" என்று அழுதாய். நான் "பரவாயில்லை" என்றேன். அந்தப் பரவாயில்லை எவ்வளவு கெட்ட சொல் என்று இப்போதுதான் தெரிகிறது.

அன்றிரவு நீ படுத்த பிறகு எஞ்சினைக் கழற்றினேன். எண்ணெய் இல்லாமல் ஓடிய டூ ஸ்ட்ரோக்கைத் திறந்தால் கிராங்க் அறை காய்ந்து கிடக்கும். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கொன்றோட்டின் அடிப் பேரிங்கில் ஊசி ஊசியாக இருக்கிற உருளைகள் அடிப்பிடித்த சட்டிபோல் நீலமும் கறுப்புமாகக் கறுத்திருக்கும். நம்முடையதில் கிராங்க் ஈரமாகப் பளபளத்தது. விரலை விட்டுப் பார்த்தேன், வழுவழுவென்று எண்ணெய். ஊசி உருளைகள் வெள்ளி மாதிரி, ஒவ்வொன்றும் தனித்தனியே உருண்டன. கார்பரேட்டர் கிண்ணத்தில் மிஞ்சியிருந்த பெற்றோலில் அந்த எண்ணெயின் நிறம் தெளிவாகத் தெரிந்தது. நீ ஊற்றியிருக்கிறாய். கோட்டு மட்டத்துக்கு ஊற்றியிருக்கிறாய்.

பிஸ்டன்தான் கெட்டிருந்தது. அலுமினியத்தில் நகத்தால் பிறாண்டியதுபோல் நாலு பக்கமும் கோடுகள். சூட்டில் பிஸ்டன் சிலிண்டரைவிட விரைவாகப் பெருத்து அதற்குள் இறுகினால்தான் அப்படி வரும். சூடு ஏன் ஏறியது? கடல் தண்ணீரை இழுத்துத்தான் எஞ்சின் தன் சூட்டைத் தணிக்கும். தண்ணீருக்குள் நிற்கிற அதன் கால் பகுதியைக் கழற்றிப் பார்த்தேன். தண்ணீர் இழுக்கிற வாயின் பல்லுக்குள் ஒரு பொலித்தீன் பை நன்றாகச் சுருண்டு அடைத்திருந்தது. உள்ளே தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரம் ஈரமில்லாமல் சுற்றி, இதழ்கள் உருகிப் பிய்ந்துபோயிருந்தன. தண்ணீர் ஏறவில்லை, அவ்வளவுதான்.

எஞ்சின் ஓடும்போது பின்பக்கத்தால் ஒரு சின்னத் தாரை பீச்சும் அல்லவா, தண்ணீர் ஓடுகிறதா என்று காட்டத்தான் அது. எஞ்சினைப் போட்டதும் முதலில் அதைப் பார் என்று கராஜுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்கிறவன் நான். அன்று நான் பார்க்கவில்லை. பீடி பற்றவைத்துக்கொண்டு பக்கத்து போட்டோடு விலை கதைத்துக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த ரப்பர் சக்கரத்தை மாற்றியிருக்க வேண்டிய காலம் எப்போதோ கடந்துபோயிருந்தது, இன்னொரு மாதம் ஓடட்டும் என்று விட்டிருந்தேன். இதையெல்லாம் காலையில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்பாவுக்கு எஞ்சின் தெரியும் என்று ஊரில் ஒரு பேர் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேன், உன்னைப் பார்க்கவில்லை.

சரி, உன் காசுக்கு வருவோம். நாலடிப்பு வாங்கியிருந்தாலும் அன்று அது இறுகித்தான் இருக்கும், அதிலும் அதே ரப்பர் சக்கரம்தான். ஆனாலும் அது நல்ல எஞ்சின், குறை சொல்ல மாட்டேன். பெற்றோல் குறைவாகக் குடிக்கும், புகை இல்லை, பக்கத்தில் இருப்பவனோடு கத்தாமல் கதைக்கலாம். இங்கே 2008இல் டூ ஸ்ட்ரோக் ஓட்டோ இறக்குமதியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நம் வீதியில் நின்று மூச்சு விட முடிகிறது. இறங்குதுறையில் கட்டி வைக்கிற போட்டுக்கு நாலடிப்பைத்தான் வாங்கச் சொல்வேன். நான் மணலில் இழுத்து ஏற்றுகிறவன். என் 15 குதிரை வலு டூ ஸ்ட்ரோக் 40 கிலோ கூட வராது, தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். அதே வலுவில் நாலடிப்பு அதைவிடப் பாரம். கண்டபடி படுக்கவைத்தால் அடியில் இருக்கிற எண்ணெய் சிலிண்டருக்குள் ஏறிவிடும். நடுக்கடலில் பழுதானால் டூ ஸ்ட்ரோக்கை ஒரு பிளக் சாவியோடு ஓரளவு சமாளிக்கலாம். இந்த வயதில் வால்வு இடைவெளி அளக்கக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடலில் குந்தியிருக்க என்னால் முடியாது.

டூ ஸ்ட்ரோக் என்றால் பழசு, ஊத்தை என்று பேரன் முடிவுகட்டிவிடவும் வேண்டாம். சீனக்குடாவில் பிரீமா மா ஆலைக்குக் கோதுமை கொண்டு வருகிற கப்பல்களைச் சின்னதில் பார்த்துக்கொண்டே நிற்பாயே, அந்த மாதிரிப் பெரிய கப்பல்களில் ஓடுவதும் டூ ஸ்ட்ரோக்தான், டீசல். மாடிவீடு உயரத்துக்கு எஞ்சின், நிமிஷத்துக்குச் சுமார் நூறு சுற்று, கியர் இல்லாமல் நேரே விசிறியோடு பூட்டியிருக்கும். புகையைத் தள்ள அங்கே வெறும் காற்றை மட்டும் ஊதுவார்கள். கதவுகள் மூடிய பிறகுதான் டீசல் பீச்சும். ஆகவே பஸ்ஸின் பின் கதவால் விழ யாருமில்லை. எரிகிற டீசலில் ஏறக்குறையப் பாதி வலுவாக மாறுகிறது, சாதாரணக் கார் எஞ்சின் அந்த அளவுக்கு வராது.

ஆகவே காசை வைத்துக்கொள். கட்டாயம் ஏதாவது அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் நல்ல ரப்பர் சக்கரம் இரண்டு அனுப்பு, மொடல் நம்பரை வட்ஸ்அப்பில் போடுகிறேன்.

பழுதான அந்த எஞ்சினின் சிலிண்டரைக் கடைந்து பெருப்பித்து வேறு பிஸ்டன் போட்டு ஒன்றரை வருஷம் ஓட்டினேன். பிறகு 2004 மார்கழியில் கடல் கொண்டு போய்விட்டது. பழைய பிஸ்டன் மட்டும் வீட்டு மேசையில் கிடந்ததால் தப்பியது. இப்போதும் இந்தக் கடதாசி காற்றில் பறக்காமல் அதுதான் மேலே இருக்கிறது. அம்மா உனக்கு நெத்தலிக் கருவாடும் மிளகாய்த்தூளும் கட்டிக்கொண்டிருக்கிறா. அந்தப் பார்சலுக்குள் பிஸ்டனையும் வைக்கட்டுமா, பேரன் பார்க்கட்டும் என்று கேட்டேன். சுங்கக்காரன் கருவாட்டுக்கு நடுவில் இது என்ன என்று கேட்டால் உன் மகள் என்ன சொல்லுவாள் என்கிறா. அம்மாவுக்குத் தெரியாமல் மிளகாய்த்தூள் பைக்கு அடியில் வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா