ரீசெட் அடிப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை

ரங்கூனில் போன் கடை வைத்திருக்கும் தம்பிகளுக்கும், அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும்,

வணக்கம். சண்டைக்கு வரவில்லை. பாதி ஊர் உங்களை நம்பித்தான் போன் வைத்திருக்கிறது. 2013 ஏப்ரலில் 1,500 கியாட் சிம்முக்குக் குலுக்கல் போட்டார்களே, அதற்கு முன்னால் சிம் என்பது லட்சத்தில் விலை பேசிய சாமான். அடுத்த வருஷமே வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்தன. கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒரே தாவில் ஸ்மார்ட்போனுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்குக் கணக்குத் திறந்து கொடுத்ததிலிருந்து எழுத்துரு போட்டுக் கொடுத்தது வரை எல்லாம் நீங்கள்தான்.

என் அத்தை தட்டோனில் இருக்கிறார். மலேசியாவில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பிய போனை ஒரு வருஷமாக வைத்திருந்தார். போன மாதம் இங்கே வந்தபோது வேறு கம்பெனி சிம்முக்கு மாறினார். சிக்னல் முழுசாக நிற்கிறது, பேச முடிகிறது, நெட் மட்டும் வரவில்லை. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பக்கத்துக் கடை ஒன்றில் கொடுத்திருக்கிறார். சாயங்காலம் வந்து பார்த்தால் நெட் ஓடுகிறது, மாமாவின் படங்கள் ஒன்றுகூட இல்லை. கடைசியாக வந்த தைப்பூசத்துக்குக் காவடி தூக்கியவர் பக்கத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாமா நிற்பாரே, அதுவும் போயிற்று. அத்தை அழவில்லை. கேலரியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

விசாரித்தேன். பையன் முதலில் போனை முழுசாக ரீசெட் அடித்திருக்கிறான். அதற்கும் நெட் வரவில்லை. அப்புறம்தான் ஏபிஎன் எழுதியிருக்கிறான்! (சிம் கம்பெனியின் நெட்டுக்குப் போக எந்த வாசல் என்று போன் செட்டிங்ஸில் எழுதும் பெயர்தான் ஏபிஎன்.)

எதை எப்போது செய்வது என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கம்பெனிக்கு எந்த ஏபிஎன் என்று போனுக்குள்ளேயே ஒரு பட்டியல் இருக்கிறது. சிம்மில் நம் நாட்டு எண் 414, அதோடு கம்பெனி எண். இரண்டையும் பார்த்துப் போன் தானாகவே எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டில் வாங்கிய போனில் நம் கம்பெனி அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். இல்லாததை எத்தனை ரீசெட் அடித்தாலும் வராது, கையால் எழுதத்தான் வேண்டும். எழுதுவது என்ன பெரிய வேலை? சரியான சிம்மைத் தேர்ந்துகொண்டு புதிதாகச் சேர்க்க வேண்டும். பெயர் என்ற இடத்தில் எதையும் போடலாம். ஏபிஎன் என்ற இடத்தில் கம்பெனி சொன்னதை எழுத்துப் பிசகாமல் போட வேண்டும். கீபோர்டு தானாகக் கடைசியில் ஒரு இடைவெளி விட்டுவிடும், அதைப் பார்த்து அழிக்க வேண்டும். பல போன்களில் மூன்று புள்ளியைத் தொட்டுச் சேமிக்காவிட்டால் எழுதியது நிற்காது. சேமித்த பிறகு அதன் பக்கத்து வட்டத்தைத் தொட மறக்கிறவர்களும் உண்டு (நானே மறந்திருக்கிறேன்).

ரீசெட்டிலும் மூன்று விதம் இருக்கிறது. ஏபிஎன் பக்கத்தில் இருப்பது அந்தப் பட்டியலை மட்டும் பழையபடி ஆக்கும். நெட்வொர்க் ரீசெட் அடித்தால் வைஃபை பாஸ்வேர்டும் புளூடூத் இணைப்பும் போகும், படம் போகாது. மூன்றாவதுதான் வீட்டையே காலி செய்வது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் எங்களைக் கேளுங்கள். படங்களை ஒரு மெமரி கார்டில் எடுத்துக் கொடுங்கள், அதற்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இன்னொன்று. நெட்டை ஆன் செய்து கையில் கொடுக்கும்போது பேக்கேஜ் போட்டிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். போடாமல் விட்டால் மெயின் பேலன்ஸ் எப்படிக் கரைகிறது என்று அத்தை இரண்டே நாளில் பார்த்துவிட்டார்.

கல்லாவுக்கு அந்தப் பக்கம் போனைத் திருப்பி வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள், எங்கள் பக்கம் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். அத்தை போன் கவருக்குள் இப்போது நான் தமிழில் எழுதிக் கொடுத்த ஒரு துண்டுச்சீட்டு இருக்கிறது. ஏபிஎன் சொல், கீழே ‘மூணு புள்ளி, சேமி, வட்டம்’. கோயில் வகுப்பில் படித்த தமிழ்தான், எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறார். பர்மிய மொழியிலானாலும் சரி, அப்படி ஒரு சீட்டை நீங்களே எழுதிக் கொடுத்தால் என்ன?

இப்படிக்கு,
தாமுவேயிலிருந்து உங்கள் வாடிக்கைக்காரர் ஒருவர்